ராணுவ லாரி, ஒரு மொபைல் கேம், ஒரு டிரேட்மார்க் புகார்: ஊத்துக்கோட்டையில் நடந்தது

பின்னணி

திருவள்ளூரில் சின்னதாக ஒரு அலுவலகம் வைத்து டிரேட்மார்க் பதிவு வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் அரிசி மண்டிக்காரர்கள், நகரி பக்கத்து விசைத்தறிக்காரர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள். மூட்டையில் என் யானையை அவன் போட்டுக்கொண்டான், லுங்கி லேபிளில் என் பெயரை ஒரு எழுத்து மாற்றி அடித்துவிட்டான், இந்த மாதிரிச் சண்டைகளில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. வீடியோ கேமுக்காக ஒரு கேஸ் என் மேஜைக்கு வரும் என்று நினைத்ததில்லை. வந்தது, அதில் நானும் ஒரு தப்பு செய்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுவிட்டேன். அவர்கள் பெயர், கேமின் பெயர், புகார் கொடுத்த நிறுவனம், அந்த வண்டியின் பெயர் எதுவும் இதில் வராது.

ஒரு பையன் ஊத்துக்கோட்டை. இன்னொருவன் எல்லைக்கு அந்தப் பக்கம் சுருட்டப்பள்ளி, பள்ளிகொண்டீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கில். ஒரே காலேஜ், ஒரே பஸ். முதலாமவன் புரோகிராம் எழுதுவான், இரண்டாமவன் முப்பரிமாண மாடல் செய்வான். கோழிக்கடை மாடியில் ஒரு ரூம் எடுத்து ஒன்றரை வருஷம் உட்கார்ந்து ஒரு கேம் செய்தார்கள். ராணுவ லாரி வரிசை ஒன்றை மலைப்பாதையில் பத்திரமாக ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். சுடுவது குறைவு, கியர் மாற்றுவது அதிகம்.

இந்த யோசனை வந்தது ஊத்துக்கோட்டைப் பையனின் பெரியப்பாவால். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1965இல் விஜயந்தா டாங்க் செய்ய ஆரம்பித்த இடம் அது; இவர் சேர்ந்தது அதற்கு ரொம்பப் பின்னால், ஆனால் பேச்சு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். கேமின் முதல் வடிவத்தை அவரிடம் காட்டியபோது அவர் பார்த்தது நம்பர் பிளேட்டை. "மிலிட்டரி வண்டி நம்பர்ல முதல்ல மேல பாக்குற அம்புக்குறி வரணும்டா, அது இல்லாம இன்னா மிலிட்டரி" என்றாராம். அன்றிலிருந்து எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு வெறி. கிரில், போல்ட், டயர் பட்டன், கம்பெனி பேட்ஜ் வரைக்கும்.

கேம் இலவசம், நடுவில் விளம்பரம் வரும், புது வண்டிகள் வேண்டுமென்றால் 49 ரூபாய்க்கு ஒரு பேக் வாங்க வேண்டும். பத்து மாதத்தில் டவுன்லோட் நாற்பதாயிரத்தைத் தொட்டது. கரண்ட் பில், வாடகை போக ஆளுக்குக் கொஞ்சம் நின்றது. தமிழிலும் தெலுங்கிலும் டிரைவர் பேசுகிற குரல்கள் இருந்ததால் எல்லையின் இரண்டு பக்கமும் லாரி ஓட்டுகிறவர்களே நிறைய விளையாடினார்கள்.

புகார்

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆப் ஸ்டோரிலிருந்து மெயில்: டிரேட்மார்க் புகார் வந்திருக்கிறது, உங்கள் கேமை நீக்கியிருக்கிறோம், புகார் கொடுத்தவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து, கேமில் வருகிற ஒரு வண்டியைச் செய்கிற நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ், அதுவும் மெயிலில்தான். வண்டியின் பெயர், பேட்ஜ், உருவம் எல்லாவற்றையும் எந்த ஊடகத்திலும் இனி பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இதுவரை வந்த வருமானத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், பத்து லட்சம் நஷ்டஈடு, ஏழு நாள் கெடு.

சுருட்டப்பள்ளிப் பையனின் அப்பா மாந்தோப்பு வைத்திருக்கிறவர். பத்து லட்சம் என்ற எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என்னிடம் வருவதற்கு முன் நடந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு பட்ட பாட்டில் பாதிக்கு இதுதான் காரணம். பையன்கள் சனிக்கிழமை முழுக்க இணையத்தில் தேடி ஒரு அமெரிக்கத் தீர்ப்பைக் கண்டுபிடித்தார்கள், கூடவே ஒரு மாதிரிக் கடிதத்தையும். இரண்டையும் சேர்த்து, கேமை எடுத்தது தப்பு, திருப்பி வையுங்கள் என்று ஆப் ஸ்டோருக்கு எதிர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். அந்த எதிர் நோட்டீஸ் முறை அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் வருவது. பாட்டு, படம், எழுத்து சம்பந்தமான புகாருக்குத்தான் அது செல்லும், டிரேட்மார்க்குக்கு அப்படி ஒரு கதவே கிடையாது. இரண்டு வரியில் நிராகரித்து பதில் வந்தது.

அது போனால் போகட்டும். அதே கடிதத்தின் நகலைப் புகார் கொடுத்த தரப்புக்கும் அனுப்பியிருந்தார்கள், அதில் ஒரு வரி: இந்த வண்டியின் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் கேமுக்கு அந்தப் பெயரை வைத்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் சம்பாதிக்க வேண்டிய சாட்சியத்தை இவர்களே எழுதி, தேதி போட்டு, அனுப்பியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இன்னா அண்ணா, வண்டிய வரைஞ்சா கூடவா கேஸு?" என்று ஊத்துக்கோட்டைப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் கேமைப் பார்க்க வேண்டும் என்றேன்.

கேமைப் பிரித்துப் பார்த்தது

ஒரு மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்து, வண்டியின் பெயரும் முகமும் எங்கெங்கே வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதினோம். மலைப்பாதையில் ஓடும்போது வருகிறது, அது தெரிந்ததுதான். பாடி மேல் பேட்ஜ், அதுவும் தெரிந்ததுதான். ஆனால் கேமின் தலைப்பே வண்டியின் பெயரில்தான் தொடங்கியது. ஐகானில் வண்டியின் முன்பக்கம், பேட்ஜ் பளிச்சென்று. விளம்பர வாசகத்தில் அந்தப் பெயர் நான்கு தடவை, தேடுகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே. 49 ரூபாய் பேக்கின் பெயரும் அதுதான்.

எங்கள் ஊர் மண்டிக் கணக்கில் சொன்னால் புரியும் என்று நினைத்து இப்படிச் சொன்னேன். ஒரு சினிமாவில் மண்டிக் காட்சி வருகிறது, பின்னால் யானை மார்க் மூட்டை அடுக்கியிருக்கிறது, அதில் அரிசிக்காரருக்கு என்ன நஷ்டம், அந்தப் படத்தை அவர்தான் எடுத்தார் என்று யாராவது நினைப்பார்களா? மாட்டார்கள். ஆனால் நீ வேறு ஏதோ ஒன்றை ஒரு மூட்டையில் கட்டி, மேலே யானை போட்டு விற்றால்? உன் கேமுக்கு உள்ளே ஓடுவது சினிமாவில் வருகிற மூட்டை. ஐகானிலும் தலைப்பிலும் இருப்பது நீ கட்டி விற்கிற மூட்டை. சுருட்டப்பள்ளிப் பையன் உடனே பிடித்துக்கொண்டான். மற்றவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அப்புறம் நோட்டீஸில் இல்லாத ஒன்று கிடைத்தது. வண்டிகளில் பெரும்பாலானவற்றைச் சுருட்டப்பள்ளிப் பையனே செய்திருந்தாலும், இந்த ஒரு வண்டியின் மாடலை மட்டும் அவசரத்துக்கு ஒரு மாடல் விற்கிற தளத்தில் 35 டாலருக்கு வாங்கி மேலே வேலை பார்த்திருக்கிறான். அதன் உரிமத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். செய்தி, கட்டுரை போன்றவற்றில் படமாகக் காட்ட மட்டும் அனுமதி, விற்பனைப் பொருளில் கூடாது என்று எழுதியிருந்தது. படிக்கவே இல்லை. எதிர்த்தரப்புக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கதை வேறு.

பதிவேட்டையும் பார்த்தேன். டிரேட்மார்க் பதிவேடு இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம், எந்த வகைப் பொருள் என்பதற்கான வகுப்பு எண் தெரிந்தால் போதும். வாகனங்களுக்கான 12ஆம் வகுப்பில் பெயரும் பேட்ஜும் பதிவாகியிருந்தன. பொம்மை, விளையாட்டுப் பொருள்களுக்கான 28இலும் பதிவு இருந்தது. மென்பொருள் வருகிற 9இல் விண்ணப்பம் மட்டும், ஆட்சேபணையில் நின்றது. பெரியப்பா ஒருநாள் கூட வந்து, "வண்டி சர்க்காரோடது, ஓட்டுறது சிப்பாய், பேரு மட்டும் கம்பெனிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். வண்டியை வாங்கினால் வண்டிதான் வருகிறது, பெயர் கூட வருவதில்லை என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும் அந்தக் கேள்வி பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அமெரிக்கத் தீர்ப்பு

பையன்கள் கையில் வைத்திருந்தது ஹம்வீ வழக்கு. ஹம்வீ என்கிற அமெரிக்க ராணுவ வண்டியைச் செய்கிற ஏஎம் ஜெனரல் நிறுவனம், கால் ஆஃப் டியூட்டி என்ற போர் கேம்களில் தன் வண்டி வருகிறது என்று அவற்றை வெளியிடுகிற ஆக்டிவிஷன் மேல் 2017இல் நியூயார்க் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2020 மார்ச் 31 அன்று நீதிபதி ஜார்ஜ் டேனியல்ஸ், விசாரணைக்கே போகாமல் ஆக்டிவிஷன் பக்கம் தீர்த்தார். நவீனப் போரை நிஜம் போலக் காட்டுவதுதான் கேமின் கலை நோக்கம் என்றால், நிஜ ராணுவங்கள் ஓட்டுகிற வண்டிகள் அதில் இருப்பது அந்த நோக்கத்துக்கு உதவுகிறது என்பது அவர் சொன்ன காரணம். கேமைப் பார்த்து 16 சதவீதம் பேர் குழம்பினார்கள் என்று ஏஎம் ஜெனரல் ஒரு சர்வே காட்டியது, அது போதவில்லை.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த அணுகுமுறை வந்தது ஜிஞ்சர் ராஜர்ஸ் என்ற நடனக் கலைஞர் தன் பெயர் ஒரு படத் தலைப்பில் வந்ததற்காகப் போட்ட வழக்கிலிருந்து, 1989. படைப்புக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் உண்டா, இது அவர்கள் தயாரிப்புதான் என்று வெளிப்படையாக ஏமாற்றுகிறதா என்று இரண்டு கேள்வி. ஆனால் 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜாக் டேனியல்ஸ் வழக்கில், விஸ்கி பாட்டில் வடிவத்தில் செய்த நாய் பொம்மை விஷயமாக, ஒரு கோடு போட்டது: அடுத்தவர் குறியை, அதாவது டிரேட்மார்க்கை, உன் பொருளுக்கே குறியாக வைத்துக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ராஜர்ஸ் வழக்கே தலைப்பு பற்றியது என்பதால் எங்கள் தலைப்புக்கும் அங்கே வாதாட இடம் இருக்கலாம்தான். ஐகானும் பேக்கும் சேர்ந்து நிற்கும்போது அந்த வாதம் மெலிந்துவிடுகிறது. கால் ஆஃப் டியூட்டிக்காரர்கள் ஹம்வீ என்று கேமுக்குப் பெயர் வைக்கவில்லை.

எல்லா வழக்கும் தீர்ப்பு வரை போவதும் இல்லை. பேட்டில்ஃபீல்ட் 3 கேமில் வந்த பெல் ஹெலிகாப்டர்கள் பற்றி அந்தக் கேம் கம்பெனியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் பெல்லின் தாய் நிறுவனமான டெக்ஸ்ட்ரானும் 2012இல் மோதின, கேம் கம்பெனியே முந்திக்கொண்டு நீதிமன்றம் போனது, கடைசியில் 2013இல் சமரசம். அவ்வளவு பெரிய கம்பெனி சமரசம் செய்துகொண்டதை அப்பாக்களிடம் சொன்னபோது கொஞ்சம் முகம் தெளிந்தது.

நம் ஊருக்கு வருவோம். இந்திய டிரேட்மார்க் சட்டம், 1999. ராஜர்ஸ் மாதிரி தனி விதி அதில் எழுதப்படவில்லை. 29ஆம் பிரிவில், குறியாகப் பயன்படுத்துகிறான் என்று பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்ளும்படி பயன்படுத்துவதுதான் மீறல் என்கிற கருத்து இருக்கிறது. உள்ளே ஓடுகிற வண்டிக்கு அது கை கொடுக்கும். 30ஆம் பிரிவில் நேர்மையான வழக்கப்படி பயன்படுத்துவதற்கு இடம் உண்டு. மறுபக்கம், பெயர் பெற்ற குறியாக இருந்தால் வேறு வகைப் பொருளில் பயன்படுத்தி அதன் மதிப்பில் குளிர்காய்வதும் மீறல், 29(4). பையன்கள் தாங்களே எழுதி அனுப்பிய அந்த ஒரு வரி நேராகப் போய் அங்கே உட்காரும். இன்னொன்று, 134ஆம் பிரிவின்படி வழக்குப் போடுகிறவர் தான் தொழில் செய்கிற ஊரிலேயே போடலாம். ஊத்துக்கோட்டையிலிருந்து எந்த ஊருக்கு வாய்தாவுக்கு அலைவது?

எடுத்த முடிவுகள்

வாசலை விட்டுக்கொடுப்பது, உள்ளே இருப்பதை முடிந்தவரை காப்பாற்றுவது. தலைப்பு, ஐகான், விளம்பர வாசகம், பேக்கின் பெயர் எல்லாவற்றிலிருந்தும் வண்டியின் பெயரை எடுத்தோம். கேட்டதனால் அல்ல, நாங்களாகவே என்று பதிலில் எழுதினோம், எதையும் ஒப்புக்கொள்ளாமல். பணம் தர மறுத்தோம்.

உரிமம் சரியில்லாத அந்த மாடலை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டு, அதே வகைக் கனரக வண்டி ஒன்றைச் சுருட்டப்பள்ளிப் பையன் முதலிலிருந்து செய்தான். இங்கேதான் சண்டை. பேட்ஜை மட்டும் எடுத்தால் போதாதா, கிரில் எதற்கு மாற்ற வேண்டும் என்றான். முகமும் குறியாகலாம் என்பதால். ஜீப்பின் ஏழு கோட்டு கிரில்லுக்காக டெய்ம்லர்கிரைஸ்லர், ஹம்மர் எச்2 வண்டிக்குத் தடை கேட்டு ஏஎம் ஜெனரலோடு நீதிமன்றத்தில் மோதி, 2002இல் அது கிடைக்காமல் திரும்பிய கதையைச் சொன்னேன். செய்கிறவர்களே அந்த ஓட்டைகளுக்காக அடித்துக்கொள்ளும்போது நமக்கு எதற்கு? அரைமனதாக மாற்றினான்.

பெரியப்பாவுக்காக ஒன்றை விட்டுவைத்தோம். பழைய சக்திமான் லாரி, ஜபல்பூரில் ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் செய்தது. ஒரு காட்சியில் கிழட்டு டிரைவர், "நான் ஓட்டுன சக்திமான் இந்த ஏத்தத்துல முக்கும்" என்பார். பேச்சில் நிஜப் பொருளை நிஜப் பெயரால் சொல்வது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் எங்கள் பக்கத்தில் சக்திமான் என்றால் பாதிப் பேருக்கு வயலில் ஓடுகிற ரோட்டவேட்டர், மீதிப் பேருக்கு டிவியில் வந்த சூப்பர் ஹீரோ. பெயர் ஒன்றாக இருந்தும் வகுப்பு வேறாக இருப்பதால் எல்லாம் பிழைத்துக் கிடக்கின்றன.

கையெழுத்துப் போடச் சொன்ன உறுதிமொழியைத்தான் நான் அதிகம் எதிர்த்தேன். உருவம், எந்த ஊடகத்திலும், என்றைக்கும் என்று இருந்தது. போட்டிருந்தால் அந்தப் பையன் நாளைக்கு ஒரு பச்சை லாரி வரைந்தாலே ஒப்பந்த மீறல்; சட்டம் கொடுக்கிற இடத்தைவிடக் குறைவான இடத்தில் தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்வது அது. பெயர், பேட்ஜ் இரண்டையும் தலைப்பிலும் விளம்பரத்திலும் பயன்படுத்த மாட்டோம் என்று சுருக்கித் திருப்பி அனுப்பினோம். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக 142ஆம் பிரிவு இருக்கிறது, அதைத் தூக்கிக் காட்டலாமா என்று பையன்கள் கேட்டார்கள். பதிவு செய்த உரிமையாளர் உடனே வழக்குப் போட்டுவிட்டால் அந்த ஆயுதம் மழுங்கிவிடும், சும்மா சீண்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு

ஐந்தாவது வாரம் அந்தப் பக்கத்து வக்கீல் சுருக்கிய வாசகத்துக்குச் சம்மதித்தார். புகாரை வாபஸ் வாங்கினார்கள், பணம் இல்லாமல். கேம் புதுப் பெயரில் திரும்ப ஏறியது.

ஒன்பது நாளில் மறுபடியும் காணாமல் போனது. இதுதான் என் தப்பு. ஸ்டோர் பக்கத்தில் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு என்று மூன்று மொழியில் வாசகம் இருந்தது. நான் தமிழையும் ஆங்கிலத்தையும் வரிவரியாகப் பார்த்தேன். தெலுங்கு எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. அது இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன், அவர்கள் நான் பார்த்திருப்பேன் என்று விட்டுவிட்டார்கள். பழைய பெயர் தெலுங்கு எழுத்தில் இரண்டு இடத்தில் அப்படியே நின்றது. எழுத்து மாறினாலும் உச்சரிப்பு அதுதானே. நாங்கள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை நாங்களே மீறிவிட்டோம் என்றாகிவிட்டது. நான் நேரில் பேசி, மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே திருத்திய பக்கத்தின் படங்களை அனுப்பி, எப்படியோ அது அதோடு நின்றது. இன்னும் மூன்று வாரம் போயிற்று.

பழைய ரேட்டிங், ரிவ்யூ எல்லாம் போய்விட்டதால் புதுக் கேம் மாதிரி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சுருட்டப்பள்ளிப் பையன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வடிவமைப்பு வேலைக்குப் போய்விட்டான், ராத்திரியில் மட்டும் கேம் வேலை. வருமானம் பழையதில் பாதிகூட இல்லை.

மறுபடி முதலிலிருந்து என்றால்

வாங்குகிற ஒவ்வொரு மாடலின் உரிமத்தையும் வாங்கிய அன்றே படித்து, ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்வேன். 35 டாலர் விஷயம் வெளியே வராமல் போனது அதிர்ஷ்டம்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தலைப்பை முதலிலேயே சொந்தமாக ஒன்று யோசித்து, 9ஆம் வகுப்பில் தங்கள் பெயரில் விண்ணப்பித்திருக்கலாம். தனி ஆளுக்கு இணையத்தில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இப்போது அதைச் செய்துவிட்டார்கள். ஒருவன் தமிழ்நாடு, ஒருவன் ஆந்திரா, எந்த அலுவலகம் என்று குழம்பினார்கள், இரண்டு மாநிலத்துக்கும் கிண்டியில் இருக்கிற சென்னை அலுவலகம்தான்.

நோட்டீஸ் வந்த ராத்திரி யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது, இதைப் பையன்களிடம் நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, மூன்று மொழியில் பொருள் விற்கிற ஆளுக்கு வேலை பார்த்தால் மூன்றையும் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். இப்போது நாகலாபுரத்திலிருந்து ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வருகிறார்.

உள்ளே ஓடுகிற நிஜ வண்டி இந்தியாவில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எங்கள் கேஸ் பதில் தரவில்லை, நாங்கள் நீதிமன்றம் போகவே இல்லை. பேட்ஜோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்போம் என்று ஊத்துக்கோட்டைப் பையன் இன்னமும் நம்புகிறான். இருக்கலாம். பெரியப்பா புதுப் பதிப்பை விளையாடிப் பார்த்துவிட்டு, கிரில் மாறியதைக் கவனிக்கவே இல்லை. புது வண்டியின் பின்பக்க நம்பர் பிளேட்டில் அம்புக்குறி சாய்ந்திருக்கிறது என்று போன் செய்தார்.